ஓடாத டயரின் வயது

என் மனைவி கார் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "இனிமே நீங்களே ஓட்டுங்க, எனக்கு வாணாம்" என்று சொன்ன பிறகுதான் நான் டயர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன் எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். டயர் கறுப்பாக, வட்டமாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. காற்று குறைந்தால் அடிப்பது, ஆணி குத்தினால் ஒட்டுவது. அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த உறவு.

அவள் பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். திருமுல்லைவாயிலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போவதென்றால் ஆவடியில் இறங்கி மாற வேண்டும். ஒரு பஸ் தவறினால் மொத்த நாளும் கோணலாகிவிடும். அதனால்தான் நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தேர்வில் தோற்றாள், அடுத்ததில் தேறினாள். ஒன்றரை வருஷமாக அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போய்வந்தாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவன். பழைய வண்டியாக வாங்கிய அந்தச் சின்னக் கார் பெயருக்குத்தான் என்னுடையது.

ஆவணி மாதம், மழைக்காலம் தொடங்கும் முன்பே, ஒரு நாள் விடிகாலையில் மழை பெய்தது. ஆவடி - பூந்தமல்லி சாலையில் சென்னீர்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில், முன்னே போன தண்ணீர் கேன் வேன் திடீரென்று நின்றிருக்கிறது. இவள் பிரேக்கை மிதித்தாள். வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி, சாலையோரம் கொட்டிவைத்திருந்த எம்-சாண்ட் குவியலில் முட்டி நின்றது. பின்னால் வேறு வண்டி வராததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பம்பர் மட்டும் நசுங்கியது. எனக்குப் போன் செய்து, "வண்டி திரும்பி நிக்குது" என்றாள். சாதாரணமான குரலில் சொன்னதால், எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிறாள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அங்கே போனேன். நனைந்துபோய் நின்றிருந்தவளிடம் நான் கேட்ட முதல் வார்த்தை, "பிரேக்க டக்குனு மிதிச்சியா?" என்பதுதான். அடிபட்டதா என்று கேட்கவில்லை. அவள் ரொம்ப நேரம் யோசித்து, "தெர்ல" என்றாள். அந்தத் 'தெர்ல'வை நான் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து நூம்பலில் என் அக்கா கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் மாடியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு எவர்சில்வர் தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, அவள் பிரேக் மிதித்ததையும் வண்டி சுற்றியதையும் நான் நடித்துக் காட்டினேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் நன்றாக வரும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா வீட்டுக்காரர், "லேடீஸ் கைல குட்தா வண்டியே பயந்துபோயி ஊட்டுக்குத் திரும்பிகினு வந்துரும் மச்சான்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளே சிரித்துவிட்டாள், அப்புறம் என்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்துதான் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

மறுநாளிலிருந்து அவள் பழையபடி பஸ். ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்புவதை நான் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அவளிடம் ஒரு நிமிர்வு இருக்கும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரனைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது போய்விட்டது. ஒரு மாதம் கழித்து, "சும்மா நிக்கிற வண்டி எதுக்கு, தை பொறந்தா வித்துடலாம்" என்றாள். வண்டி போனால் போகட்டும். வண்டியை விற்ற பிறகு அவள் இனி எந்தக் காலத்திலும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"நாலு டயரையும் புதுசா மாத்திடறேன். அப்பால நீ தைரியமா ஓட்டலாம்" என்றேன். சமாதானத்துக்குத்தான் சொன்னேன்.

"டயர் இன்னா பண்ணும் பாவம்? மிதிச்சது நானு" என்றாள் அவள்.

ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. எதையாவது வாங்குவதென்றால் அதன் பூர்வோத்தரம் எல்லாம் தெரிந்துகொள்ளாமல் வாங்கமாட்டேன். மிக்ஸி வாங்கவே மூன்று மாதம் எடுத்துக்கொண்டவன் நான். அன்று சாயங்காலமே போனில் டயர் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். டயரைப் பற்றிப் பேச உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். ஒருவர் டயரை முத்தமிடாத குறையாகப் புகழ்கிறார். இன்னொருவர் அதே டயரை வாங்குகிறவன் முட்டாள் என்கிறார். யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. கோபத்தில் நாலைந்து வீடியோவுக்குக் கீழே கருத்துகூட எழுதினேன்.

கம்பெனி கேன்டீனில் கேட்டால் இன்னும் குழப்பம். எங்கள் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். புது டயர் இரண்டு மட்டும் வாங்கினால் முன்னால் போட வேண்டும், ஸ்டியரிங் திரும்புவது முன்னால்தானே என்று ஒரு கட்சி. பின்னால்தான் போட வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஏன் என்று கேட்டால் இரண்டு கட்சிக்கும் பதில் தெரியாது. "அப்டித்தான் போடணும்" என்பார்கள். சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதனால் டயரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பதை நீங்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததே இல்லை. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எத்தனை கிலோ தாங்கும், எந்த வேகம் வரை போகலாம், எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும், எல்லாம் கறுப்பின் மேல் கறுப்பாக எழுதியிருக்கிறது. படிக்கவே கூடாது என்று தீர்மானித்து எழுதியது போல இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து எழும்பி வரும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கண்ணாடி, துணி, டார்ச் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, நிற்கிற வண்டிகளையெல்லாம் படிக்கக் கிளம்பிவிட்டேன்.

ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே வரிசையாகக் கார்கள். மொய் எழுதிவிட்டு வந்தவன் ஒவ்வொன்றாகக் குத்துக்காலிட்டுப் படித்துக்கொண்டே போனேன். மண்டபத்து வாட்ச்மேன் பின்னாலேயே வந்து நின்று, "இன்னா பெருசு, எந்த டயரக் கழட்டலாம்னு பாக்குறியா?" என்றார். பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு யாராவது டயர் திருடுவார்களா என்று சண்டைக்குப் போனேன். பட்டுச்சட்டை போட்டவன்தான் திருடுவான் என்றார் அவர். கடைசியில் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து என்னை மீட்டார்.

நாலு எண் ரகசியத்தை எனக்குச் சொன்னவர் ஒரு லாரி டிரைவர். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை. அவருடைய லாரிச் சக்கரத்தை நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, கிளாசும் கையுமாக வந்தார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். மற்ற எழுத்துகளிலிருந்து தனியாக, ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண் இருந்தது.

"மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் பெரும அண்ணாத்தே. இது ஒன்னுதான் உண்ம. மொத ரெண்டு நம்பரு எத்தினியாவது வாரம், அப்பால ரெண்டு எந்த வருசம். டயரு பொறந்த தேதி இது. பூவு நல்லா கீதேன்னு பாக்கக் கூடாது. பொறந்து அஞ்சாறு வருசம் ஆச்சுன்னா, ஓடுனாலும் ஓடாங்காட்டியும் அது கெயம்தான்."

டயரின் மேல் இருக்கும் வரிப்பள்ளங்களைத்தான் பூ என்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாதது இந்தத் தேதி. எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது. ஏனென்றால் நான் இருபத்துநாலு வருஷமாகப் பார்ப்பது ரப்பர் வேலை.

எங்கள் கம்பெனியில் என்ஜினுக்கும் பம்ப்புக்கும் எண்ணெய் கசியாமல் போடுகிற ரப்பர் வளையங்கள் செய்கிறார்கள். தரம் பார்ப்பது என் பொறுப்பு. ரப்பர் என்பது காய்கறி மாதிரி. அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகும். வெயிலும் காற்றும் பட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய்ப்பசை போய் இறுகிக்கொண்டே வரும். அதனால் எங்களிடம் ஒவ்வொரு மூட்டையிலும் கலந்த தேதி இருக்கும். தேதி தாண்டியதைச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். "பாக்க நல்லாத்தானே கீது சார், உட்டுடுங்க" என்று சூப்பர்வைசர்கள் கெஞ்சுவார்கள். ஒரு மூட்டையைக்கூட விட்டதில்லை. அதனால் கம்பெனியில் எனக்கு நல்ல பெயரும் இல்லை. அப்படிப்பட்டவன், டயரும் ரப்பர்தான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதற்கப்புறம் நாலு எண்ணை மட்டும் தேடிப் படித்தேன். தெருவில் நிற்கும் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், குப்பை வண்டி எதையும் விடவில்லை. எதிர்வீட்டுக்காரரின் பளபளக்கும் காரில் ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட நாலு வருஷம் மூத்தது என்று போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் வண்டியின் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. எப்படியும் கழற்றப்போகிற டயருக்கு ஜாதகம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மூன்று கடை ஏறினேன். அம்பத்தூரில் ஒரு பெரிய ஷோரூம். ஏசி போட்டு, காபி கொடுத்து, நான் எந்த டயரைக் கேட்டாலும் அதைவிட உயர்ந்த ஒன்றைக் காட்டினார்கள். ஆவடியில் ஒரு கடைக்காரர் டயரை இறக்கவே மாட்டேன் என்றார். தேதியைப் படிக்க வேண்டும் என்றதும், "கல்யாணமா பண்ணப் போற?" என்று கேட்டார். அவரிடமும் சண்டை.

மூன்றாவது கடை சென்னீர்குப்பத்தில். தகரக் கூரை, உள்ளே ஒரே ஒரு அலைன்மென்ட் மெஷின். கடைக்காரருக்கு என் வயதிருக்கும். நான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்த கேள்விகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டியக் கொண்டாங்க சார். உங்க வண்டி இதுவரைக்கும் எப்டி ஓடிச்சுன்னு பழைய டயரப் பாத்தாத்தான் தெரியும். அப்பால புதுசப் பத்திப் பேசலாம்" என்றார். எனக்கு இந்த முறை பிடித்திருந்தது. நானும் தப்பான வளையம் வந்தால் அதை வைத்துத்தான் மெஷினின் கோளாறைக் கண்டுபிடிப்பேன்.

சனிக்கிழமை வண்டியோடு போனேன். போகும்போது கம்பெனியில் சொல்லி, ரப்பரின் கெட்டித்தன்மை பார்க்கிற மீட்டரையும் எடுத்துப் போனேன். பாக்கெட் கடிகாரம் அளவுக்கு இருக்கும். அடியில் ஒரு சின்ன ஊசிமுனை. ரப்பர் மேல் வைத்து அழுத்தினால் முள் நகரும். எண் கூடக் கூட ரப்பர் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். புது டயர்களை அதால் சோதிப்பதுதான் என் எண்ணம். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கியதும், இருக்கட்டுமே என்று பழையதிலும் வைத்துப் பார்த்தேன். முன்னால் இரண்டும் அறுபத்தேழு, அறுபத்தெட்டு. பின்னால் வலது அறுபத்தொன்பது. பின்னால் இடது எண்பத்திரண்டு.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி வைத்தேன். எண்பத்திரண்டு. இடம் மாற்றி வைத்தேன். எண்பத்தொன்று.

கடைக்காரர் குனிந்து அந்த டயரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்தார். "கல்லு மாரி கீது சார்" என்றார். பிறகு ஈரத்துணியால் துடைத்து அந்தச் சின்னக் கட்டத்தைப் படித்தார். நானும் படித்தேன். அந்த டயர் பிறந்த வருஷம் எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள்.

அந்த டயரை எனக்குத் தெரியும். அதை அங்கே மாட்டச் சொன்னவனே நான்தான். சென்ற வருஷம் இடது பின் டயரின் பக்கவாட்டில் கம்பி கிழித்துவிட்டது. ஒட்ட முடியாது, புதிது வாங்குங்கள் என்றார்கள். டிக்கியைத் திறந்தால் உள்ளே ஸ்டெப்னி, அவசரத்துக்கு வைத்திருக்கும் மாற்று டயர். வண்டியோடு வந்த ஸ்டெப்னி, ஒரு நாள்கூட ரோட்டைத் தொடாதது. புது டயரில் பொடி முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த முடிகூட அப்படியே இருந்தது. புத்தம்புது டயரை வைத்துக்கொண்டு எந்த மடையனாவது இன்னொன்று வாங்குவானா என்று அதையே மாட்டச் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. காரின் சீட்டுகளுக்கு நான் போட்ட பிளாஸ்டிக் உறையையும் கழற்றவில்லை. கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் பரண்மேல் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் புழங்காத பொருள் புதிதாகவே இருக்கும் என்று நம்புகிற குடும்பம் நாங்கள். கம்பெனி வாசலுக்குள் போனால் அந்த நம்பிக்கை எனக்குக் கிடையாது. வெளியே வந்ததும் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

"இத யார் சார் மாட்னது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பழைய ஓனர்" என்றேன். வாய் கூசவே இல்லை.

"ஸ்டெப்னியத் தூக்கி மாட்டிருப்பாரு. ரொம்பப் பேரு பண்றதுதான். முடி கீதேன்னு ஏமாந்துருவாங்க. காஞ்ச ரோட்ல ஒன்னும் தெரியாது சார். மழைல வளைவுல பிரேக் அடிச்சீங்கன்னா முன்னாடி ரெண்டும் புடிக்கும், பின்னாடி இது புடிக்காது. பிச்சிகினு போயி வண்டி அப்டியே சுத்திரும். அதான் நல்ல டயரப் பின்னாடி போடச் சொல்றது."

கேன்டீன் சண்டைக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு அது காதில் சரியாக விழவில்லை. "மெதுவா மிதிச்சா?" என்று கேட்டேன்.

"மெதுவா மிதிச்சாலும்தான்."

"யாரு ஓட்டினாலுமா?"

"நீங்க ஓட்டினாலும் சுத்தும், நான் ஓட்டினாலும் சுத்தும். அது இன்னா ஆளப் பாத்தா சுத்துது?"

நான் போய் அங்கே கிடந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். மழையில் நனைந்துகொண்டு அவள் 'தெர்ல' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. அவள் தெரியாததைத் தெரியாது என்றாள். நான் அதை வைத்து நாடகம் போட்டேன்.

டயர் தேர்வு அதற்கப்புறம் சுலபமாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று இறுகலாக, நிறைய வருஷம் தேயாமல் ஓடக்கூடியது. இன்னொன்று கொஞ்சம் மெத்தென்று, சீக்கிரம் தேயும், ஆனால் ஈர ரோட்டை நன்றாகப் பிடிக்கும். பழைய ஆளாக இருந்தால் முதல் வகைக்காக ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன். இரண்டாவதில் ஐந்து கேட்டேன், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. ஐந்திலும் மீட்டர் வைத்து, ஐந்தின் தேதியையும் படித்தேன். ஒன்று மட்டும் போன வருஷத்துச் சரக்கு. மாற்றிக்கொடுங்கள் என்றேன். "போன வருசம்தான சார்" என்றார். மாற்றிக்கொடுத்தார்.

பழைய டயர்களை அவரே எடுத்துக்கொள்வார். எண்பத்திரண்டை மட்டும் நான் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன். அதைக் காட்டாமலே, புது டயர் போட்டாச்சு, இனி பயமில்லை என்று மட்டும் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருத்திப்பட்டு தாண்டும்வரை அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. பிறகு, அவள் அப்போதும் தன் காலைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு ஓட்டுவாள் என்று தோன்றியது.

அவள் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தாள். வாசலில் டயர் சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு ஊட்டுக்குக் கொணாந்தீங்க?" என்றாள். சொன்னேன். ஸ்டெப்னி, முடி, தேதி, கடைக்காரரிடம் சொன்ன பொய் உட்பட எல்லாம். பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மத்த மூணும் எவ்ளோ காட்டுச்சு?" என்றாள். சொன்னேன்.

"இன்னொரு வாட்டி வெச்சுக் காட்டுங்க." வைத்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. மீட்டரைக் கையில் வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று கேட்டு, தானே மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் சந்தேகமான முடிவு வந்தால் இப்படித்தான் செய்வாளாம். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். எப்போதும் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுகிறவள். அன்று போடவில்லை.

"மூணு மாசமா பஸ்ல நின்னுகினே கால அழுத்தி அழுத்திப் பாத்துகினு வரேன். டக்குனு மிதிச்சனா, மெதுவா மிதிச்சனா, கிளட்ச்ச மிதிச்சிட்டனா. ஒரு நாளு பக்கத்துல நின்ன பொம்பள, ஏம்மா என் கால மிதிக்கிறன்னு கத்துது. என் காலயே நான் நம்பாம கெடந்தேன். நீ தட்ட வெச்சிகினு ஸ்டியரிங் ஓட்டிக் காமிச்ச."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிச்சலும் இல்லை.

பத்து நாள் வண்டி புது டயர்களோடு வாசலில் நின்றது. அவள் பஸ்ஸில்தான் போனாள். ஓட்டு என்று நான் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை போய்விட்டது. அவள் இல்லாத நேரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காற்று மட்டும் பார்த்துவைத்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை. நல்ல மழை. நான் குளித்துக்கொண்டிருந்தபோது கார் கிளம்பும் சத்தம் கேட்டது. துண்டோடு வெளியே ஓடி வந்தால் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ்ஸுக்குப் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பால்காரரிடம் எரிந்து விழுந்தேன். ஆறேகால் வரை அந்த ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் என் கண்ணுக்குள் வந்து போயிற்று.

ஆறு இருபதுக்குப் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன்" என்றாள்.

"மழை எப்டி கீது?"

"மழை மழையாத்தான் கீது" என்றாள். "அந்த வளைவு வந்திச்சில்ல. பின்னாடி யாரும் வரலன்னு நல்லாப் பாத்துகினு, அன்னிக்கு மாரியே பிரேக்க மிதிச்சுப் பாத்தேன். நின்னுச்சு. அப்பால யூ-டர்ன் எடுத்து வந்து இன்னொரு வாட்டி மிதிச்சேன். நின்னுச்சு."

நல்ல டயர்தான் என்று என்னமோ உளறினேன்.

"டயரப் பாக்க மிதிக்கல. என்னப் பாக்க மிதிச்சேன்" என்றாள் அவள். "அன்னிக்கும் நான் இப்டித்தான் மிதிச்சேன். இப்ப நல்லாத் தெரியுது." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "நூம்பலுக்குப் போன் போட்டுச் சொல்லிடு" என்றுவிட்டு வைத்தாள்.

மணி ஏழுகூட ஆகவில்லை. அக்கா இந்நேரத்துக்கு எழுந்திருப்பாளா என்று ஒரு சாக்கு வந்தது. போட்டேன். எடுத்தது அக்கா வீட்டுக்காரர். இன்னா மச்சான் காலங்காத்தால, யாருக்காச்சும் எதுனா ஆச்சா என்று பதறினார்.

"ஒன்னும் ஆவல மாமா. ஸ்பீக்கர்ல போடுங்க, அக்காவும் கேக்கட்டும்" என்றேன். "உங்க கிரகப்பிரவேசத்தன்னிக்கு மாடில நான் ஒரு கத சொன்னேனே, அது தப்பு. வண்டிய சுத்த உட்டது நான்."

மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை. நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.